கிளட்ச் கட் ஆகவில்லை, கியர் விழவில்லை: வீட்டில் கட்டிய வண்டியில் பிழை தேடும் வழி

சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையின் பின்கட்டில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு வண்டி கட்டினோம். பழைய மாருதி ஆம்னி வேனின் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில். அவற்றைச் சுமக்க, சதுரக் குழாயில் நாங்களே வெல்டு அடித்த சேஸிஸ். ஏற்காட்டில் என் மாமாவின் காப்பித் தோட்டத்துக்குள் பழ மூட்டையும் மிளகும் ஏற்றி இறக்கத்தான் அந்த வண்டி. பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. அதனால் மினி லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிக் கொண்டுபோய்த் தோட்டத்துக் கேட்டுக்கு உள்ளே இறக்கினோம். பட்டறை வாசலில் அருமையாக ஓடிய வண்டி, தோட்டத்தின் முதல் மேட்டிலேயே கிளட்ச் புகைந்து நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஒரு வருடம் அந்த வண்டியின் கிளட்சோடும் கியரோடும் மல்லுக்கட்டியதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிளட்ச் சரியில்லை என்று ஆனதுமே நான் கியர்பாக்ஸைப் பிரிக்கக் கிளம்பினேன். லேத் அண்ணன் தடுத்துவிட்டார். "தம்பி, பாக்ஸை நோண்டாத. அது கம்பெனில அளந்து செஞ்சது. நீ செஞ்சதை மொதல்ல பாரு." வீட்டில் கட்டிய வண்டிக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. பெடல், கேபிள், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், லீவரையும் பாக்ஸையும் இணைக்கும் கியர் ராடு, இரண்டு பாகங்கள் சேரும் முகம் என்று நம் கை பட்ட இடங்களை முதலில் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு பாக்ஸுக்குள் போகலாம்.

வேலையில் இறங்குவதற்கு முன் இரண்டு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, தரையில் இருக்கும் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பழைய கிளட்ச் பிளேட்டின் தூசியில் கல்நார் இருக்கலாம், அதைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

கிளட்சா, கியர்பாக்ஸா?

இதற்கு ஸ்பேனரே வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். விழாமல் முட்டினால் வண்டியை அரை அடி முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். நின்ற நிலையில் பற்கள் நேருக்கு நேர் நின்றுவிடுவது சகஜம்.

எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கிளட்ச் கட் ஆகவில்லை, அதாவது மிதித்த பிறகும் எஞ்சினின் சுற்று பாக்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. நின்றிருக்கும்போதே கியர் முரண்டு பிடித்தால் குறை லீவரிலோ, ராடிலோ, பாக்ஸுக்கு உள்ளேயோ இருக்கிறது. கியர் நன்றாக விழுந்து, எஞ்சின் கத்தி, வண்டி மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் எந்த போல்ட்டையும் கழற்ற வேண்டாம்.

எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை

சோதனை இது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஹேண்டு பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள். மூன்றாவது கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அந்த நொடியே திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

வழுக்கினால் முதலில் பெடலின் பிளே பாருங்கள். பெடலை விரலால் அமுக்கும்போது கனம் தட்டுவதற்கு முன் சும்மா போகிற தூரம்தான் பிளே. கேபிள் கிளட்ச் வண்டிகளில் இது பெரும்பாலும் 15 முதல் 25 மி.மீ. வரை இருக்கும். எஞ்சின் எந்த வண்டியில் இருந்து வந்ததோ அந்த வண்டியின் மேனுவலில் சரியான அளவு கிடைக்கும். பிளே இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது நகரும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எப்போதும் லேசாக அமுக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். கால் வைக்காமலே அரை கிளட்ச்! பிளேட் தேயத் தேயப் பிளே குறைந்துகொண்டே வரும் என்பதால், புது பிளேட் போட்ட வண்டியிலும் இதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

பிளே சரியாக இருந்தால், கேபிள் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை சூட்டில் இளகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மிதிக்கும்போது கனமாக இருக்கும், விடும்போது முழுதாகத் திரும்பாது. எங்கள் பெடலையும் நாங்களே செய்ததால், அதன் கனத்தை மேலே இழுத்து நிறுத்தும் ஸ்பிரிங் போதாமல் இருந்தது. ஓட்டக் குலுக்கலில் பெடல் தானாக இறங்கி நின்றது. சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் ஒன்றை மாட்டினோம், அடங்கிவிட்டது.

இதெல்லாம் சரி, ஆனாலும் வழுக்குகிறது என்றால் பாக்ஸை இறக்கியாக வேண்டும். பிளேட்டில் ரிவெட் தலை மேற்பரப்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். அரை மி.மீ.க்கும் குறைவென்றால் பிளேட் முடிந்தது. பிளேட்டில் எண்ணெய் ஏறியிருந்தால் பெட்ரோலில் கழுவி மறுபடி போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஊறிய எண்ணெய் சூடானதும் மறுபடி வெளியே வரும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக நாற்றம் அடிக்கும், அது கியர்பாக்ஸ் முன் சீலில் இருந்து வந்தது. நாற்றம் இல்லாமல் கறுப்பாக இருந்தால் எஞ்சினின் பின் சீல். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அந்தக் காசு வீண்.

எங்கள் வண்டி புகைந்ததற்குக் காரணம் இதில் எதுவுமே இல்லை. தோட்டத்துப் பாதையில் கல் இடிக்காமல் இருக்க, ஆம்னியின் 12 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 165/80 ஆர் 14 டயர் போட்டிருந்தோம். பழைய டயரின் விட்டம் சுமார் 540 மி.மீ., புதியது 620. அப்படியென்றால் எல்லாக் கியரும் 15 சதவீதம் வேகக் கியராக மாறிவிட்டன. முதல் கியரின் இழுவையில் சுமார் 13 சதவீதம் போயிற்று. அதற்கு மேல் மலை. சேலம் கடல் மட்டத்தில் இருந்து 280 மீட்டர் போல இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ பத்து சதவீதம் சக்தியை இழக்கும், காற்று அவ்வளவு மெலிந்துவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து, மேட்டில் மூட்டையோடு வண்டியைக் கிளப்ப நான் அரை கிளட்சில் பத்து நொடி நிற்க வேண்டியிருந்தது. எந்த பிளேட்டும் அதைத் தாங்காது. சின்ன டயருக்குத் திரும்பி, கல் இருந்த இடங்களில் பாதையைச் செம்மண் போட்டு மேடாக்கினோம். புது பிளேட் போட்டு ஒரு காப்பி அறுவடை முழுக்க ஓட்டியாயிற்று, இன்றும் நன்றாக இருக்கிறது.

ஆகவே டயர் மாற்றியிருந்தால் கிளட்சைக் குறை சொல்வதற்கு முன் விட்டத்தை அளந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை, ரிவர்ஸ் கறகறக்கிறது

வீட்டில் கட்டிய வண்டிகளில் அதிகம் பார்க்கக்கூடிய குறை இதுதான், ஆளை அதிகம் அலைய வைப்பதும் இதுதான். உறுதி செய்ய, ஐடிலில் கிளட்சை முழுதாக மிதித்து, நான்கைந்து நொடி காத்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. அதனால் உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடும். காத்திருந்த பிறகும் கறகறத்தால் கிளட்ச் கட் ஆகவில்லை.

இப்போது ஒரு ஆளை உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் டார்ச் எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போய், கேபிளின் வெளி உறை எங்கே ஊன்றியிருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் பாருங்கள். நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை 1.2 மி.மீ. தகட்டில் அடித்திருந்தோம். மாமா பையன் பெடலை மிதித்ததும், டின் மூடியை அமுக்கினால் குழிந்து எழுமே, அதுபோல அந்தத் தகடு என் பக்கமாகப் புடைத்தது. கேபிள் ஊன்றிய நட்டைச் சுற்றிப் பெயின்ட் வெடித்து வட்டமாகக் கீறியிருந்தது. விட்டதும் தகடு உள்ளே போயிற்று. ஸ்கேல் வைத்து அளந்தேன், 6 மி.மீ.

6 மி.மீ. பெரிய விஷயமா என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். எங்கள் பெடலில் அச்சாணியில் இருந்து கால் வைக்கும் இடம் 240 மி.மீ., கேபிள் மாட்டும் இடம் 48 மி.மீ. ஐந்துக்கு ஒன்று. கால் 120 மி.மீ. போகிறது, அதில் 20 பிளேக்குப் போக மீதி 100. ஐந்தால் வகுத்தால் கேபிள் 20 மி.மீ. இழுக்கும். எங்கள் கிளட்ச் முழுதாகக் கட் ஆக, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் நுனியில் 18 மி.மீ. வேண்டும் என்பதை பாக்ஸை மாட்டியபோதே அளந்து வைத்திருந்தோம். இருபதில் ஆறு தகட்டுக்குப் போனால் மிச்சம் பதினான்கு. பிறகு எப்படிக் கியர் விழும்? அந்த இடத்தில் 5 மி.மீ. பட்டைத் தகடு வைத்து, இரண்டு முக்கோண முட்டுக் கொடுத்து சேஸிஸ் குழாயோடு வெல்டு அடித்தோம். அன்று மாலையே ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. கேபிளை இரண்டு தடவை மாற்றி, பிளேயைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து நான் வீணாக்கியது மூன்று வாரம்.

இந்தக் கணக்கை உங்கள் வண்டிக்கும் போடுங்கள். கேபிள் தூரம் போதவில்லை என்றால் பெடலில் கேபிள் மாட்டும் துளையை அச்சாணியில் இருந்து சற்றுத் தள்ளி அடிக்கலாம். இழுப்பு கூடும், மிதிக்கும் கனமும் கூடும். ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் அளவுக்கு மீறி அமுங்கிக் கெட்டுப்போகும். பெடலுக்குக் கீழே ஒரு ஸ்டாப் போல்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கேபிள் அடிக்கடி இறுகுகிறது அல்லது அறுந்துபோகிறது என்றால் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே எர்த் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் மவுண்டில் உட்கார்ந்த எஞ்சினுக்கு எர்த் பட்டை இல்லையென்றால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் பாயும். கம்பி சூடேறி உறை உருகும். செல்ஃப் அடித்த உடனே கேபிளைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் காரணம். வயரிங்கையும் நாமே செய்த வண்டியில் இது விட்டுப்போவது மிகச் சுலபம்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் காற்று எடுப்பது முதல் வேலை. பெடலை இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கியர் விழுகிறது என்றால் காற்று இருக்கிறது. காற்றில்லை, கசிவில்லை, ஆனாலும் கட் ஆகவில்லை என்றால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரும் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் வெவ்வேறு வண்டியில் இருந்து வந்தவையா என்று யோசியுங்கள். மாஸ்டரின் துளை சிறியதாகவோ ஸ்லேவின் துளை பெரியதாகவோ இருந்தால் ஃபோர்க் போதிய தூரம் நகராது.

வெளியில் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் உள்ளே போங்கள். அங்கேயும் முதலில் நம் தப்புகளைத்தான் தேட வேண்டும். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருந்தால் அதன் நடுக்குடம், எஞ்சின் முனையில் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் போல்ட்டில் உரசும். பெரும்பாலான பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பொறித்திருக்கும். இன்னொன்று, பாக்ஸை ஏற்றும்போது கை வலிக்கிறதென்று அதை ஒரு நிமிடம் பிளேட்டின் மேல் தொங்கவிடுவது. பாக்ஸின் கனம் முழுவதும் முன் ஷாஃப்ட் வழியாக பிளேட்டின் நடுக்குடத்தில் இறங்கி பிளேட் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அப்புறம் எத்தனை மிதித்தாலும் ஒரு ஓரம் உரசிக்கொண்டே இருக்கும். ஜாக்கியை பாக்ஸுக்கு அடியில் கடைசி போல்ட் இறுகும் வரை வைத்திருங்கள். போல்ட்டை இறுக்கி பாக்ஸை இழுத்து உட்காரவைக்கவும் கூடாது. கையால் தள்ளி முகம் முகத்தோடு சேர வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அடைமழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் வண்டியை மூன்று நான்கு வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நிறுத்தும்வரை நன்றாக இருந்த கிளட்ச், நீண்ட இடைவெளிக்குப் பிறகு திடீரென்று கட்டே ஆகவில்லை என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, சமதளத்தில் முன்னால் காலி இடம் பார்த்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடியே செல்ஃப் அடித்துக் கிளப்பி, ஆக்சிலரேட்டரைக் கொடுத்து விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சொடுக்கில் விடுபட்டுவிடும். இப்போதெல்லாம் நீண்ட நாள் நிறுத்தும்போது ஒரு மரக்கட்டையைச் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்து கிளட்சை மிதித்த நிலையிலேயே வைத்துவிடுகிறோம்.

கிளம்பும்போது வண்டி குலுக்கி எடுக்கிறது

பிளேட்டில் லேசாக எண்ணெய் பட்டிருந்தாலும், ஃப்ளைவீலில் நீலநிறச் சூட்டுத் தழும்பு இருந்தாலும் குலுக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மவுண்ட். கேபிள் கிளட்ச் வண்டியில் ஒரு வேடிக்கை நடக்கும். கிளட்சை விட்டதும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயும். சாயும்போது கேபிளை இழுக்கும், கிளட்ச் கொஞ்சம் கட் ஆகும். உடனே எஞ்சின் பழையபடி நிமிரும், கேபிள் தளரும், கிளட்ச் மறுபடி சேரும். நொடிக்குப் பலமுறை இப்படி நடப்பதுதான் குலுக்கல். பானெட்டைத் திறந்து ஒரு ஆளைக் கிளப்பச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். மவுண்ட் ரப்பரை மாற்றி, கேபிளை நேராக விறைப்பாக இல்லாமல் ஒரு பெரிய வளைவாக விட்டால் பாதிக் குலுக்கல் போய்விடும். மீதிக்கு பாக்ஸின் வால் மவுண்டையும், பாக்ஸில் இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டுகளையும் ஆட்டிப் பாருங்கள்.

சத்தம்

சத்தத்துக்குப் பெயர் வைக்க முயலாதீர்கள். ஊங்காரம், முனகல், கிறீச் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

வண்டி நின்றபடி, நியூட்ரலில், பெடலைத் தொடாமல் இருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கோ உள்ளே கீழே ஓடும் துணை ஷாஃப்ட்டின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மிதித்ததும் அந்த ஷாஃப்ட்டுகள் நின்றுவிடுவதால் சத்தமும் நிற்கிறது. பெடலில் லேசாகக் கால் வைத்து பிளே முடிந்த அந்தக் கணத்தில் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். முழுதாக மிதித்துக் கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால், ஃப்ளைவீல் பக்கம் முன் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். பழைய பாக்ஸ் வாங்கி வேறு எஞ்சினோடு சேர்ப்பவர்கள் இந்தக் குட்டி பேரிங்கைப் போட மறந்தே போகிறார்கள்.

ஓடும்போது வரும் சத்தத்துக்கு வேறு கணக்கு. நீளவாக்கில் பாக்ஸ் வைத்துப் பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பெரும்பாலும் நான்காவது கியர் நேரடி. சுமை துணை ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்றில் கத்தி நான்கில் அடங்கினால் துணை ஷாஃப்ட் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் கத்தினால் அந்தக் கியரின் பற்கள். எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி, சக்கர வேகத்தோடு கூடிக் குறைந்தால் பாக்ஸை விட்டுவிட்டு ஆக்ஸில் பக்கம் போங்கள்.

அதிர்வும் சேர்ந்து வந்தால் புரொபெல்லர் ஷாஃப்ட். அதை வெட்டி நீளம் மாற்றியிருந்தால் இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்பக்கம் முழுச்சுமை ஏற்றி ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட் உள்ளே போக ஒரு அங்குலமாவது இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் ஷாஃப்ட் பாக்ஸின் வாலில் சுத்தியலாக அடிக்கும்.

போட்ட கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது

கையை லீவரில் வைத்துப் பிடித்துக்கொண்டே ஓட்டிப் பழகிவிடாதீர்கள். பாக்ஸுக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்து, இருக்கிற குறையை இரட்டிப்பாக்கும்.

சோதனை எளிது. பாக்ஸ் முனையில் ராடைக் கழற்றிவிடுங்கள். பாக்ஸில் இருந்து வெளியே நீட்டும் கம்பியைக் கையால் நகர்த்தி, சொடுக்கென்று முழுதாக விழும் வரை கியரைப் போடுங்கள். அந்த நிலையில் கம்பியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிறகு ராடை மாட்டி, உள்ளே உட்கார்ந்து லீவரால் அதே கியரைப் போட்டு, கீழே வந்து கோட்டைப் பாருங்கள். கோடு அதே இடத்துக்கு வரவில்லை என்றால் கியர் பாதிதான் விழுந்திருக்கிறது. எங்களுக்கு இரண்டாம் கியரில் 3 மி.மீ. குறைந்தது. லீவர் தரைத் தகட்டின் வெட்டு விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. ஃபைல் எடுத்துப் பத்து நிமிடம் ராவியதில் சரியாயிற்று. லீவரின் தோல் உறை சின்னதாக இருந்து பின்னுக்கு இழுத்தாலும் இதே குறை வரும், உறையைக் கழற்றி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விடும்போது மட்டும் கழன்றால் மவுண்ட் தளர்ந்து பாக்ஸ் நகர்கிறது. மேடுபள்ளத்தில் மட்டும் கழன்றால் நீட்டிய ராடின் கனமே அதை ஆட்டுகிறது. இரண்டும் இல்லை, கோடும் சரியாக வருகிறது என்றால் உள்ளே லாக் குண்டின் ஸ்பிரிங்கோ, கியர் பிடிக்கும் பற்களின் ஓரமோ தேய்ந்திருக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் எஞ்சினும், பாக்ஸின் முன்பக்கம் கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கும் சேரும் இடத்தைப் பாருங்கள்.

எங்கள் நான்காம் கியர் கழன்றுகொண்டே இருந்தது. பைலட் பேரிங்கும் ஆறே மாதத்தில் கீச்சிட ஆரம்பித்தது. பாக்ஸை இறக்கியபோது லேத் அண்ணன் எஞ்சின் முகத்தை விரலால் தடவிவிட்டுக் கேட்டார், "டோவல் பின் எங்கடா?" எஞ்சினையும் பாக்ஸையும் சரியாக நேர் நிறுத்தும் குட்டி முளைகள்தான் டோவல் பின். பழைய பார்ட்ஸாக வாங்கிய எஞ்சினில் அந்த இரண்டு பின்னும் எப்போதோ விழுந்திருந்தன. போல்ட்டுகள்தான் இறுக்கிப் பிடிக்கின்றனவே என்று நான் விட்டுவிட்டேன். போல்ட் இறுக்கும், நடுவில் நிறுத்தாது. துளையில் இருக்கும் இடைவெளி அளவுக்கு பாக்ஸ் இறங்கி உட்கார்ந்துவிடும். ஃப்ளைவீலில் நுண்ணளவு காட்டும் டயல் கேஜை மாட்டி ஹவுசிங்கின் உள்வட்டத்தில் முள்ளை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றினோம். முள் கால் மி.மீ.க்கு மேல் ஆடியது. ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டியது. அண்ணன் அன்றே இரண்டு பின் கடைந்து கொடுத்தார். கியர் அதற்குப் பிறகு கழன்றதே இல்லை. வேறு எஞ்சினுக்கு வேறு பாக்ஸை அடாப்டர் தகடு வைத்துச் சேர்ப்பவர்கள் இந்த அளவை எடுக்காமல் வண்டியை ஓட்டவே கூடாது என்பேன்.

ஒரு கியர் மட்டும் கறகறக்கிறது, அல்லது காலையில் கியர் கனமாக இருக்கிறது

கிளட்ச் நன்றாகக் கட் ஆகிறது, ஆனாலும் இரண்டாம் கியர் மட்டும் கறகறக்கிறது என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டும். அதற்கு முன் ஆயிலை மாற்றிப் பாருங்கள். கடையில் 'கியர் ஆயில்' என்று கேட்டால் ஆக்ஸிலுக்கான ஜி.எல். 5 ஆயிலைக் கொடுத்துவிடுவார்கள். அதில் இருக்கும் கந்தகக் கலவை சில பாக்ஸ்களின் பித்தளை சின்க்ரோவை அரிக்கும். மேனுவல் ஜி.எல். 4 என்று சொன்னால் ஜி.எல். 4 தான். மார்கழிக் காலையில் ஏற்காட்டுக் குளிரில் ஆயில் தடித்துப்போய் முதல் சில நிமிடம் கியர் கனமாக விழுவது குறையே அல்ல. சூடானதும் போய்விடும்.

ஆயில் அளவில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் பாக்ஸைப் பழைய வண்டியில் இருந்ததைவிடச் சாய்த்தோ ஒருபக்கம் திருப்பியோ மாட்டியிருந்தால், அளவு பார்க்கும் துளையும் சாய்ந்திருக்கும். வழிகிற வரை ஊற்றினாலும் உள்ளே அளவு குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கும். மேனுவலில் சொன்ன லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுங்கள். அளவாக ஊற்றியும் சீலில் கசிகிறது என்றால் பாக்ஸின் மேலுள்ள மூச்சுத்துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். தோட்டத்துச் செம்மண் அதை அடைத்துவிடும், உள்ளே சூட்டுக் காற்று ஏறி ஆயிலை சீல் வழியாகத் தள்ளும்.

நடுவழியில் கேபிள் அறுந்துவிட்டது

இது பிழை தேடுவதல்ல, வீடு வந்து சேர்வது. மலைப்பாதையில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பும். இறக்கம் என்றால் முதல் கியரிலேயே மெதுவாக இறங்குங்கள், மாற்ற வேண்டாம். நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரேக் பிடித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, ஆக்சிலரேட்டரை விட்டு லேசாகத் தொடும் அந்த இடைவெளியில் லீவரை நியூட்ரலுக்கு இழுங்கள். பற்களில் சுமை இல்லாத நேரம் அது, வந்துவிடும். வரவில்லை என்றால் பிரேக்கோடு சாவியை அணையுங்கள். மறுபடி கிளம்ப மறுபடி செல்ஃப். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் வருந்தும், ஆனால் இரண்டு மூன்று முறைக்குத் தாங்கும்.

எங்கள் சீட்டுக்குப் பின்னால் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு புது கேபிளும், அதற்கான 10, 12 நம்பர் ஸ்பேனரும் எப்போதும் இருக்கும். அந்த கேபிளை வாங்கிய அன்றே ஒரு தடவை மாட்டி, நீளம் சரிபார்த்துக் கழற்றி வைத்தோம். நம் பெடல் நாமே செய்தது என்பதால் கடையில் கிடைக்கும் கேபிள் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. எங்களுக்கு ஒரு முனையில் 15 மி.மீ. நீளத்துக்கு ஒரு புஷ் கடைந்து போட வேண்டியிருந்தது. அந்த புஷ்ஷும் அதே துணிக்குள்தான் இருக்கிறது.